வெயிலுகந்தாளின் குதிகால்

சங்குமேட்டு உப்பளத்தில் வெயில் இரண்டு, ஒன்று மேலேயிருந்து இறங்கும், இன்னொன்று உப்பிலிருந்து எழும்பி வரும், இரண்டுக்கும் நடுவில் நின்று பொம்பளைகள் உப்பு வாருவார்கள். அந்த அளத்துக்கு ஒரு தவக்காலத்தில் காலேஜ் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்து, கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள், போனவர்கள் அந்தப் பொம்பளைகளின் வலியையும் தங்கள் உடம்பில் வாங்கிக்கொண்டு போனார்கள். எப்படி வாங்கினார்கள் என்று அந்தப் பக்கத்தில் யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. வலி போனால் போகட்டும், போன வலியைத் தேடிக்கொண்டு யார் போவார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் படித்தது பட்டணத்தில் சிஸ்டர்மார் நடத்துகிற பெண்கள் காலேஜில். அங்கே இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் நாற்பது மணி நேரம் ஏழை எளியவர்களோடு இருந்து வர வேண்டும், இருந்ததற்கு ஒரு அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும், கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. சமூக நீதி என்று ஒரு பாடமும் உண்டு. அதை நடத்துகிறவர் சிஸ்டர் எவாஞ்சலின், முழங்கால் தேய்ந்த மனுஷி, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவார், ஏறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே பாடத்தை ஆரம்பிப்பார். அவர்தான் விபூதிப் புதன் கழிந்து வந்த முதல் சனிக்கிழமை, முப்பத்திரண்டு கேள்வி அச்சடித்த தாள்களோடு பிள்ளைகளை வேனில் ஏற்றி அளத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி பிரகாசி. வாடகை வேன் ஓட்டுகிற தொபியாசின் இரண்டாவது மகள், பத்தொன்பது வயசு, யாரிடமும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பிள்ளை.

பிரகாசிக்கு வாய்த்தவள் வெயிலுகந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும், புருஷன் இல்லை, ஒரே மகள், அந்த மகளும் தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசம் தாய்வீடு வந்து இருக்கிறாள். அளத்தில் எல்லோரும் வெயிலு என்றுதான் கூப்பிடுவார்கள். வாரும் பலகையைக் கீழே வைக்காமலே முப்பத்திரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். உடம்பில் ஏதாவது குறைபாடு உண்டா என்று பிரகாசி வாசித்தபோதுதான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“எது நல்லா இருக்குன்னு கேளு பிள்ள, வெரசா முடிஞ்சிரும்.”

பிறகு காலைப் பற்றிச் சொன்னாள். காலையில் பாதம் எரியும், உச்சியில் விரலிடுக்கில் ஊசி குத்தும், சாயங்காலம் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும், இருபத்தாறு வருஷமாக இப்படித்தான், இந்த மூன்றும் வந்தால்தான் ஒரு நாள் முடிந்தது என்று கணக்கு என்றாள். பிரகாசி எழுதிக்கொண்டாள். எழுதும்போது அவளுடைய செருப்புக்குள்ளும் உப்பு ஏறிக் கரகரவென்று அறுத்தது, அந்தச் சின்ன அறுப்பையே தாங்க முடியாமல் காலை மாற்றி மாற்றி நின்றாள்.

திரும்பிப் போகும்போது வேனில் ஜெபமாலை சொன்னார்கள். தவக்காலத்தில் ஆளுக்கொரு ஒறுத்தல் உண்டு, பிடித்த ஒன்றை விட வேண்டும், ஒரு கஷ்டத்தை இன்னொருவருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும். பிரகாசி டீயை விடுவதாக நேர்ந்துகொண்டு, அதற்குள் இரண்டு தடவை குடித்துவிட்டிருந்தாள். அந்த வெட்கத்தில், சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லிப் பழகின மாதிரியே, ஆண்டவரே, அந்த அக்காவுடைய கால்வலியை எனக்குத் தாரும், நான் ஒப்புக்கொடுக்கிறேன் என்று மனசுக்குள் சொன்னாள். அப்படிச் சொல்லாத வேதக்காரப் பிள்ளை கிடையாது. சொன்னது கேட்டுவிடும் என்று நினைத்துச் சொல்லுகிற பிள்ளையும் கிடையாது. வேன் உப்பாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பிரகாசியின் இடது குதிகாலில் ஆணி இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை வெயிலு வரப்பின் மேல் ஓடி வந்தாள், இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு ஓடி வந்தாள். அதைப் பார்த்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பிரகாசி மட்டும் வேதசாட்சியாகி, புனிதையாகி விடுவாளோ என்று மற்ற பதினொரு பேரும் போட்டி போட்டுக் கேட்டார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. டெல்பின் என்கிற பிள்ளைக்கு அளத்து மாடத்தியின் இடுப்புவலி. இன்னொருத்திக்குக் கண்ணெரிச்சல், இன்னொருத்திக்குச் சட்டி சுமந்து இறுகிப்போன கழுத்து. வலியோடு அதன் கூடப்பிறந்த அசதியும் வந்து சேர்ந்தது.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. ஹாஸ்டலில் தைலம் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், சமையல்காரம்மா காலையில் கஞ்சிக்கு முன்னால் ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்தாள். தொபியாஸ் வந்து மகளுடைய காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காயம் ஒன்றும் இல்லை, கடைக்குப் போய் மெத்தென்று ஒரு செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பங்குச் சாமியார், இதைப் புதுமை, அற்புதம் என்று யாரும் சொல்லக் கூடாது, இது தவக்காலத்துப் பலன், அவ்வளவுதான் என்று பிரசங்கத்தில் சொன்னார். ஆயர் இல்லத்திலிருந்து, தவக்காலம் முடிகிற பாஸ்குத் திருநாள் வரைக்கும் பத்திரிகைக்காரர்களிடம் பேச வேண்டாம் என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. காலேஜில் பெரிய கூட்டம் போட்டு, வலியோடு இருக்கிற நேரத்தைச் சேவை மணியில் சேர்க்கலாமா என்று பேசினார்கள். சேர்க்கலாம் என்றார்கள். அப்படியானால் தூங்கும்போது வலித்தால் என்ன செய்வது என்று கணக்குப் பாடத்து மேடம் கேட்டார். ரொம்ப நேரம் விவாதம் நடந்து, தூக்கத்தில் வலித்தால் பாதி மணி என்று முடிவானது.

அளத்துப் பக்கமும் அப்படித்தான். முதலில் பயந்தார்கள், பிறகு முறை வைத்தார்கள், பிறகு சண்டை போட்டார்கள். அவளுக்கு இடுப்பு எடுத்தீர்களே, எனக்குத் தோள் எடுக்கக் கூடாதா, நான் என்ன தொக்கா என்று சிஸ்டரிடமே கேட்டாள் ஒருத்தி. வெயிலுவின் தெருவில் பிள்ளைகள் பேரைச் சொல்லி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள், சனிக்கிழமைதோறும் நுங்கும் கருவாடும் வேனில் ஏற்றிவிட்டார்கள். பிரகாசி பட்டணத்தில் பங்குக் கோயிலுக்குள் நொண்டிக்கொண்டு நுழைந்தால் முன் பெஞ்சியில் இடம் விட்டு ஒதுங்கினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. வலி வேண்டாம் என்றிருந்தாலும், வலி சுமக்கிற பிள்ளை என்று முதுகுக்குப் பின்னால் யாராவது சொல்லுவது காதில் விழுந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடப்பாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருவர், கங்காணி ராசமணி, முதலாளிக்காக அளத்தில் நின்று வேலை வாங்குகிறவர். பொம்பளைகள் உட்காரவில்லை என்பதை மூன்றாம் நாளே கவனித்தார். பத்து மணிக்குக் கொட்டகை நிழலில் கொஞ்சம் ஆறுவது வழக்கம், அதை முதலில் நிறுத்தினார். கொட்டகையின் ஓலை காற்றில் பறந்தது, திரும்ப வேயவில்லை. தண்ணீர் டிரம் இரண்டு இருந்தது ஒன்றாயிற்று. ஆளுக்கு இரண்டு பாத்தி என்றிருந்தது மூன்றாயிற்று. மாடத்தி போய்க் கேட்டதற்கு ராசமணி கோபப்படவே இல்லை.

“வலிக்கலல்லா? பெறவு எதுக்கு உக்காரணும்?”

மாடத்தி தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லைதானே. திரும்பி வந்து மூன்றாவது பாத்தியில் இறங்கினாள், சிரித்துப் பேசிக்கொண்டேதான் வாரினார்கள். அங்கே மூன்றாவது பாத்தியில் இறங்கினால் இங்கே காலேஜில் டெல்பின் பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு குனிவாள். பதினொரு மணிப் பாடத்துக்குப் பன்னிரண்டு பேரும் தலையை மேசையில் சாய்த்துவிடுவார்கள். பிள்ளைகள் இன்னும் பாஸ்குவுக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

நான்காம் வாரம் திங்கட்கிழமை பிரகாசியின் குதிகாலுக்குள் யாரோ தட்டினார்கள். வெயிலுவின் வலியை அவள் தன் தெருவைப் போல அறிந்து வைத்திருந்தாள், எங்கே எரியும், எங்கே குத்தும், எப்போது வரும், எப்போது போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள், இது அந்தத் தெருவில் இல்லாத வீடு. விட்டு விட்டுத் தட்டியது, நெஞ்சு அடிக்கிற கணக்குக்குத் தட்டியது. செவ்வாய்க்கிழமை கணுக்காலைத் தாண்டியது. புதன்கிழமை காலையில் கெண்டைக்காலில் சூடான கயிறு ஒன்று ஏறி, தொடையிடுக்கில் நெறி கட்டின மாதிரி முடிச்சுப் போட்டது. தடவிப் பார்த்தால் அங்கே நெறியும் இல்லை, வீக்கமும் இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள் ஹாஸ்டலுக்கு வருகிற டாக்டரம்மா அன்றைக்கு வந்திருந்தார். பிரகாசி சொல்லச் சொல்லக் கேட்டார், காலை அழுத்திப் பார்த்தார், அழுத்தின இடத்தில் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டரம்மாவின் முகம் மாறிப்போனது.

“இந்தக் கால் நல்லாயிருக்கும்மா. இந்த வலிக்குச் சொந்தமான கால் எங்க இருக்கு?”

அந்தக் கால் அழுகிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ கத்தி வைக்காவிட்டால் முழங்காலோடு போகும், அதற்கும் மேலே ஏறினால் ஆள் போவாள் என்றார். பிரகாசியும் சிஸ்டர் எவாஞ்சலினும் அடுத்த நிமிஷமே ஆட்டோ பிடித்தார்கள்.

வெயிலு மூன்றாவது பாத்தியில் நின்றாள். இடது காலில் பழைய சேலைத் துணியைக் கனமாகச் சுற்றியிருந்தாள். ஒரு வாரத்துக்கு முன்னால் சிப்பி ஒன்று குத்தியது, பிடுங்கிப் போட்டுவிட்டுத் துணி சுற்றினேன், ஒன்றுமே தெரியவில்லை என்றாள். அந்தக் குத்தை அன்றைக்கு வழக்கமான ஊசிக் குத்து என்றே பிரகாசி நினைத்திருந்தாள். அவிழ்த்துக் காட்டுங்க அக்கா என்று பிரகாசி கெஞ்சினாள். வெயிலு கங்காணி நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். காயம் என்று தெரிந்தால் வீட்டுக்குப் போ என்பார், மறுநாள் இவள் பாத்தியில் வேறொருத்தி நிற்பாள், மகளுக்கு அடுத்த மாசம் பேறுகாலம். இதையெல்லாம் அடங்கின குரலில் சொல்லிவிட்டு, சிஸ்டர் நம்பட்டும் என்று இடது காலைத் தூக்கி வரப்பில் ஓங்கி மிதித்தாள். ஒரு தரம் மிதித்தாள், பிரகாசி முழங்கால் மடங்கி விழுந்தாள். பாருங்க சிஸ்டர், கல்லு மாதிரி இருக்கேன் என்று இரண்டாம் தரம் மிதித்தாள், பிரகாசி வரப்பு மண்ணைக் கையால் பிறாண்டினாள். மூன்றாம் தரம் மிதிக்கத் தூக்கின காலை சிஸ்டர் எவாஞ்சலின் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாத்தியில் நின்றவர்கள், காலேஜ் பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கவில்லை என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மூச்சு திரும்பினதும் பிரகாசி சொன்னாள், நீங்க ஆஸ்பத்திரிக்கு வராட்டி இந்த வலியை உங்ககிட்டயே குடுத்திருவேன் அக்கா.

வெயிலுவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே காய்ந்தது. “கேட்டாங்களா உங்கிட்ட யாரும்? நீயா வந்த, நீயா எடுத்த. இப்பம் கொண்டாந்து என் வாசல்ல கொட்டுவியோ?” அப்புறம், கங்காணி கேட்டுவிடக் கூடாதே என்று கிட்டத்தில் வந்து, பிரகாசியின் மோவாயைத் தொட்டாள். “ஒரு மாசம் பொறு தாயி. எம்மவ பெத்து எந்திரிக்கட்டும். பெறவு நானே வந்து கேட்டு வாங்கிக்கிடுதேன்.”

அந்தக் கை தொட்ட மோவாயோடு பிரகாசி சாயங்காலம் பங்குச் சாமியாரிடம் போனாள். சாமியார் நல்லவர்தான், ஆனால் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். வலியை நீக்கச் சொல்லி ஜெபம் உண்டு, தாங்கிக்கொள்ளச் சொல்லி ஜெபம் உண்டு, வலி இல்லாத ஒருத்திக்கு வலியைக் கொடும் என்று கேட்கிற ஜெபம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதற்குச் சாபம் என்று பேர் என்றார். டாக்டர் சொல்லுவது தப்பாக இருந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். அதையேதான் பிரகாசியும் வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். தப்பாக இருந்தால், கெஞ்சின மனுஷியின் உடம்பில் வேண்டுமென்றே நெருப்பு வைத்தவளாவாள். சரியாக இருந்து சும்மா இருந்தால், முன் பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு மனுஷியைச் சாகக் கொடுத்தவளாவாள். சிஸ்டர் எவாஞ்சலினிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். எனக்குத் தெரியல பிள்ள, தெரிஞ்ச மாதிரி சொல்லவும் முடியல என்றார். இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவர் அப்படிச் சொன்னது பிரகாசிக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் வலிப்பதை நிறுத்தின. மற்றதெல்லாம் கொதித்தது, அந்த இரண்டு மட்டும் பேச்சை நிறுத்திவிட்டன. பிரகாசி கைவிட்டுத் தடவினாள், தன்னுடைய விரல்கள் தன்னுடைய விரல்களாக இருந்தன. அந்த அக்காவின் இரண்டு விரல்கள்தான் அங்கே இல்லை. வலித்தவரைக்கும் அவை உயிரோடு இருந்தன என்று அப்போதுதான் விளங்கியது. மேடத்திடம் சொல்லாமல் எழுந்தாள், கேட்டில் வாட்ச்மேன் கூப்பிடக் கூப்பிட வெளியே வந்தாள், பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். உப்பு ஏற்றுகிற லாரி வரப்போரத்தில் நின்றது, ஏற்றின பாதி போக மீதி அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. வெயிலு குனிந்து வாரிக்கொண்டிருந்தாள், இடது காலைத் தண்ணீரில் இழுத்து இழுத்து வைத்தாள், தான் இழுத்து வைப்பது அவளுக்குத் தெரியவில்லை. பிரகாசியைப் பார்த்ததும் பலகையைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள், கம்பை ஓங்கி வருகிறவளைத் தடுப்பது போல.

“வேண்டாம் பிள்ள.”

பிரகாசிக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் எடும், நீக்கும், தாரும் என்றே இருந்தன. அதில் ஒன்றும் உதவவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஏன் கழற்றினோம் என்று தெரியாமலே கழற்றிவிட்டு, வரப்பில் நின்று, வாய்விட்டு, அவளுக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்.

“ஆண்டவரே, இது இவங்களுடையது. இவங்ககிட்டயே குடுத்திரும். ஏதும் தப்புன்னா அது என் பேர்ல இருக்கட்டும்.”

தலைச்சுமையை யாரோ கை கொடுத்து இறக்கின மாதிரி இருந்தது அவளுக்கு. வெயிலு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதைப் போல நிமிர்ந்து ஆகாசத்தைப் பார்த்தாள். பலகை கையைவிட்டு நழுவியது. பிறகு அவள் போட்ட சத்தத்தில் கடல்தண்ணீர் தேக்குகிற தெப்பத்தில் நின்ற நாரைகள் அவ்வளவும் எழும்பிப் பறந்தன.

மாடத்திதான் முதலில் ஓடி வந்தாள். என்னளா செஞ்ச என்று பிரகாசியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள், பிரகாசி ஏந்திக்கொண்டாள். அதற்குள் மற்றவர்கள் வெயிலுவை வரப்பில் தூக்கிப் போட்டு, காலில் சுற்றின துணியை அவிழ்த்தார்கள். கடைசிச் சுற்று அவிழ்ந்தபோது வந்த வாடையில் எல்லோரும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். கணுக்காலுக்கு மேலே சிவந்து வரி ஓடியிருந்தது, கடைசி இரண்டு விரல்களும் கருவாடு மாதிரி கறுத்துக் கிடந்தன. மாடத்தி அறைந்த கையைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

லாரியில் ஏற்றுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்தான் என்றார்கள். ராசமணி குறுக்கே வந்தார். லாரி உப்புக்கு வந்தது, பாதி லோடோடு அனுப்ப முதலாளி ஒத்துக்கமாட்டார், மீதியை ஏற்றி முடியுங்கள், முடிந்ததும் அதிலேயே போகட்டும் என்றார். அம்பாரத்தை ஏற்றி முடிக்க இரண்டு மணி நேரமாகும். எல்லோருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். வெயிலு பல்லைக் கடித்துக்கொண்டு வரப்பில் தலையை இப்படியும் அப்படியும் உருட்டினாள்.

மாடத்தி அம்பாரத்தைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், பிறகு பிரகாசி பக்கம் திரும்பினாள்.

“என் இடுப்பு யாருட்ட இருக்கு?”

“டெல்பின்ட்ட, அக்கா.”

“அவளுக்குப் போன் போடு. இப்பமே தரச் சொல்லு.”

பிரகாசி போனை எடுத்து டெல்பினைக் கூப்பிட்டாள். வகுப்பில் போன் எடுக்கக் கூடாது என்று சட்டம், டெல்பின் மேசைக்கு அடியில் எடுத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று பிரகாசி சொல்லிக்கொடுத்தாள். டெல்பின் எழுந்து நின்று சொன்னாள். அங்கே டெல்பின் முதுகு நிமிர, இங்கே மாடத்தி அம்மா என்று ஒரு முனகல் முனகி, இடுப்பைப் பிடித்து, அம்பாரத்தின் அடியில் மெல்ல உட்கார்ந்தாள். ஒரு மாசத்து மூன்றாவது பாத்தியும், ஆறாத பத்து மணியும், குடிக்காத தண்ணீரும் ஒரே மூச்சில் வந்து இறங்கின. அதைப் பார்த்தும் அடுத்தவள் பயப்படவில்லை. என் கழுத்தைக் கேளு பிள்ள என்றாள். என் கண்ணைக் கேளு என்றாள் இன்னொருத்தி. அங்கே கணக்கு வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்றது, மேடம் சாக்பீஸோடு பார்த்துக்கொண்டே நின்றார். இங்கே ஒவ்வொரு பொம்பளையாகச் சட்டியைக் கவிழ்த்து, சும்மாட்டை அவிழ்த்து, உட்கார்ந்தாள், சிலர் படுத்தே விட்டார்கள், வலி போகாமலே இருந்தவர்களும் கூடவே உட்கார்ந்தார்கள். அளத்தில் நின்றுகொண்டிருந்தது கங்காணியும், லாரி டிரைவரும், பிரகாசியும் மட்டும்தான்.

ராசமணி எழும்புங்க, எழும்புங்க என்று வரப்பு வரப்பாக நடந்தார். கையைப் பிடித்து ஒருத்தியைத் தூக்கப் பார்த்தார். தூக்கின கை தொங்கியது. டிரைவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

“ஏத்த ஆளில்ல. நான் யாருக்கு அண்ணாச்சி காத்துக் கெடக்க? அந்தம்மா தலைப்பக்கம் பிடிங்க.”

கங்காணி சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து வெயிலுவின் தோளுக்கு அடியில் கை கொடுத்தார். பிரகாசி காலைத் தாங்கிப் பிடித்தாள், உப்பின் மேலே சாக்கை விரித்துக் கிடத்தி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். லாரி குலுங்கின ஒவ்வொரு குலுக்கலுக்கும் வெயிலு ஒரு வசவு வைதாள், எல்லா வசவும் பிரகாசிக்குத்தான்.

இரண்டு விரல் போயிற்று. பாதம் நின்றது. ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் முழங்காலில் வெட்டியிருப்போம் என்று டாக்டர் சொன்னார். அளத்தில் பொம்பளைகள் நான்கு நாள் உட்கார்ந்திருந்தார்கள், முதல் நாள் எழும்ப முடியாமல், மற்ற மூன்று நாளும் எழும்ப மாட்டோம் என்று. பாத்தியில் உப்பு வாராமல் இறுகிப் பாறையாயிற்று. ஐந்தாம் நாள் கொட்டகைக்கு ஓலை வந்தது, ஆளுக்கு இரண்டு பாத்தி என்று பழையபடி ஆயிற்று. வெயிலு திரும்பி வரும்வரை அவள் பாத்தியில் வேறு ஆள் நிற்கக் கூடாது என்பதற்கும் ராசமணி தலையை ஆட்டினார். இரண்டாவது தண்ணீர் டிரம் மட்டும் வரவில்லை. அதற்காகச் சனிக்கிழமை பிள்ளைகளும் பொம்பளைகளும் வரப்பில் உட்கார்ந்து கலெக்டருக்கு மனு எழுதினார்கள். சேவை அட்டையில் அதற்குக் கையெழுத்துப் போடலாமா என்று காலேஜில் திரும்பக் கூட்டம் போட்டார்கள், இன்னும் முடிவாகவில்லை.

பிரகாசி தினமும் வகுப்பு முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். கஞ்சி கொண்டுபோனால் வெயிலு அவள் கையால் வாங்கமாட்டாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிற மகள் வாங்கிக் கொடுத்தால் குடிப்பாள். பிரகாசி இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டாள். கோயிலில் இப்போது முன் பெஞ்சியில் யாரும் ஒதுங்கி இடம் விடவில்லை, அவள் நொண்டாமல் நடந்ததை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

ஆறாம் நாள் சாயங்காலம் நர்ஸ் கட்டுப் பிரித்தாள். பாதி பிரித்து, ஒட்டியிருந்த பஞ்சை இழுத்து எடுத்த நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று அப்படியே போட்டுவிட்டுப் போனவள், வெகு நேரமாயும் வரவில்லை. திறந்த புண்ணில் மின்விசிறிக் காற்று பட்டது. வெயிலு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், கம்பி அதிர்ந்தது, கண்ணிலிருந்து காதுக்குள் தண்ணீர் ஓடியது, வாயைத் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்ற பிரகாசியின் உதடு தன்னால் அசைந்தது. ஆண்டவரே, இந்த அக்காவுடைய...

வெயிலு சட்டென்று கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள். உப்பில் வெடித்து வெடித்து மரப்பட்டையாகிப் போன கை, பிரகாசியின் உதட்டில் உரசிக் கீறியது. ஆறு நாளில் முதல் தடவையாக முகத்தை நேராகப் பார்த்தாள்.

“மூடு வாயை. திரும்பவும் அந்த வேலை வேண்டாம்.” மூச்சை இழுத்து விட்டாள். “போயி நர்ஸைக் கூட்டிட்டு வா. வரலைன்னா சத்தம் போடு.”

பிரகாசி வார்டைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தாள். நீள வராந்தா, கட்டில் கிடைக்காதவர்கள் இரண்டு பக்கமும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள், நர்ஸ்மார் அறைக் கதவு அந்தக் கோடியில் சாத்தியிருந்தது. போய்த் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. திரும்பி வராந்தாவின் நடுவுக்கு வந்து நின்று, இரண்டு கையையும் வாயோரம் குவித்து வைத்துக்கொண்டு, சத்தம் போட்டாள்.